வண்டி ஓட்டலாமா என்று யாரிடம்தான் கேட்பது?

பக்கவாதம் வந்து பிழைத்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு கத்தைக் காகிதம் தருகிறார்கள். உப்பைக் குறைக்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது, சுகர் பார்க்க வேண்டும், பிசியோவுக்கு வர வேண்டும், ரிவ்யூ இந்தத் தேதியில். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் வீடு வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே குடும்பத்துக்குள் சண்டையாகக் கிளம்புகிற கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்கு அந்தக் கத்தையில் ஒரு வரிகூட இல்லை. இவர் இனிமேல் வண்டி ஓட்டலாமா, கூடாதா? ஓட்டலாம் என்றால் எப்போதிலிருந்து? அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் யார்?

எங்கள் வீட்டில் இதற்குப் பதில் சொல்லாத ஆள் இல்லை. நரம்பு டாக்டர், பிசியோ, தெருமுனை கிளினிக் டாக்டர், தாய்மாமன், மளிகைக்கடை அண்ணாச்சி, டிரைவிங் ஸ்கூல்காரர் என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டார்கள். சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னவர் இவர்களில் ஒருவர்கூட இல்லை. சொல்வது தன் பொறுப்பு என்று நினைத்தவரும் இல்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

அப்பாவுக்கு 67 வயது. மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இருப்பது மதுரைக்கு வெளியே ஒத்தக்கடைப் பக்கம். பால், காய்கறி, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவருடைய ஸ்கூட்டரில்தான். சொந்த ஊருக்குப் போவதென்றால் பழைய கார். மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததால் கை தேறியது, கொஞ்சம் இழுத்தாலும் காலும் நடக்கிறது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்தவர்களிடம் பழைய கதைகளைத் தேதியோடு சொன்னார். அதனால் மூளைக்கு ஒரு குறையும் இல்லை என்று எல்லாருமே முடிவு கட்டிவிட்டார்கள்.

ரிவ்யூவில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். “என் விரலை இறுக்கிப் பிடிங்க. கையைத் தூக்குங்க. சிரிங்க. நாலு அடி நடந்து காட்டுங்க.” அப்பா எல்லாம் செய்தார். “நல்லா வந்துடுச்சு சார்.” அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி அப்பா கேட்டார்: “வண்டி எடுக்கலாங்களா டாக்டர்?” டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: “மெதுவா, கவனமா ஓட்டுங்க. ராத்திரி வேணாம்.” அடுத்த முறை வேறொரு டாக்டர். “இந்த வயசுல எதுக்கு சார் ரிஸ்க்? பிள்ளைங்க இருக்காங்கல்ல” என்றார் அவர். வீட்டுக்கு வந்த பிசியோ தம்பியிடமும் கேட்டோம். “பிடி நல்லா இருக்கு, பிரேக் பிடிச்சிருவார். ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்கக்கா” என்றார்.

ஒருவர் சரி என்றார், ஒருவர் வேண்டாம் என்றார், ஒருவர் தன் பெயரைச் சொல்லாதே என்றார். அப்பாவுக்கு முதல் டாக்டர் சொன்னது போதுமானதாக இருந்தது, அம்மாவுக்கு இரண்டாவது டாக்டர் சொன்னது. சாவி அரிசி டிரம்முக்குள் போனது. அப்பா டூப்ளிகேட் சாவியைத் தேட ஆரம்பித்தார். நாற்பது வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்திய இரண்டு பேர் ஒரு சாவிக்காகப் பேசாமல் இருந்தார்கள். இதை ஒரு மருத்துவமனை தீர்த்து வைத்திருக்க வேண்டும். ஒரு மனைவியின் தலையில் அது ஏன் விழுகிறது?

டாக்டர்களைக் குறை சொல்வது எளிது. வெளியே வராந்தாவில் நிற்கிற கூட்டத்தை நானும் பார்த்தேன். ஒருவருக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கினாலே அதிகம். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் பார்க்கப்படுவது என்ன என்பதுதான் என் கேள்வி. கை, கால், முகம். விழுந்தது கைகால் என்பதால் அது எழுந்துவிட்டால் நோய் போய்விட்டது என்று கணக்கு. வண்டி ஓட்டுவது கைகாலின் வேலை மட்டும்தானா? எதிரே வருவதைக் கண்டு, பக்கத்தில் வருவதை உணர்ந்து, அது எங்கே திரும்பும் என்று ஊகித்து, அரை நொடியில் முடிவெடுத்து, அதற்குப் பிறகுதான் கை பிரேக்குக்குப் போகிறது. கடைசிப் படியை மட்டும் சோதித்துவிட்டு மேலே உள்ள படிகளை யாரும் தொடுவதே இல்லை.

அந்த மேல்படியில் என்ன உடைந்திருக்கிறது என்று எனக்கு ஒரு காதுகுத்து விருந்தில் தெரிந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் நான். இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் இனிப்பும் இடது ஓரம், நுனிப்பக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். பொரியல், கூட்டு, அப்பளம், சோறு எல்லாம் வரிசையாக வந்தன. அப்பா சாப்பிட்டுக்கொண்டே, “என்னப்பா, ஊறுகாய் இன்னும் வரலையே” என்று பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டார். “முதல்லயே வச்சாச்சுங்கய்யா” என்றான் அவன். அப்பாவுக்குக் கோபம். “எங்கடா வச்ச?” நான் இலையைப் பார்த்தேன். வலது பாதி துடைத்து வைத்தது போல் காலி. இடது பாதியில் ஒரு விரல்கூடப் படவில்லை. ஜாங்கிரி அப்படியே இருந்தது. இனிப்பென்றால் சுகரை மறந்து எடுத்துவிடுகிற மனுஷர் அவர். நான் கையை நீட்டி ஊறுகாயைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் அவர் கண் அங்கே போனது. அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது இலை இல்லை. ஸ்கூட்டரின் இடதுபுறம் ஒட்டிக்கொண்டு வருகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சைக்கிள்தான்.

இதற்கு மருத்துவத்தில் தெளிவான விளக்கம் இருக்கிறது. மூளையின் வலப்பக்கம், குறிப்பாக மேற்புறத்தின் பின்பகுதி பாதிக்கப்பட்டால், இடப்பக்க உலகத்தின் மேல் கவனமே போகாமல் இருக்கலாம். கண்ணில் கோளாறு இருக்காது. கண்ணாடிக்கடையில் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்துவிடுவார்கள். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்குத் தோன்றாது. சட்டையில் வலது கையை மட்டும் நுழைத்துவிட்டு நிற்பார்கள். முகத்தில் வலது பாதியை மட்டும் சவரம் செய்துவிட்டு வருவார்கள். இன்னொரு வகையும் உண்டு. பார்வை நரம்பின் பாதை அடிபட்டு, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதிப் பார்வை போய்விடும். இந்த இரண்டாம் வகைக்காரர் தனக்கு ஒரு பக்கம் தெரியவில்லை என்று பெரும்பாலும் கண்டுகொள்வார். தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்ளவும் முடியும். முதல் வகைக்காரருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றே தோன்றாது, தோன்றாததும் தெரியாது. அவரிடம் போய் “கவனமா ஓட்டுங்க” என்றால் அவர் மனசார “சரி” என்பார். நம்மை ஏமாற்றுவதற்காக அல்ல. அவரைப் பொறுத்தவரை அவர் முழுக் கவனத்தோடுதான் ஓட்டுகிறார்.

நம் நாட்டில் வண்டி இடதுபுறம் போகிறது. ரோட்டோரம், பஸ் நிறுத்தம், நடந்துபோகிறவர்கள், சைக்கிள், இடதுபுறமாகவே முந்திக்கொண்டு வருகிற ஷேர் ஆட்டோ, குறுக்கே வருகிற ஆடு எல்லாம் இருப்பது அந்தப் பக்கத்தில்தான். கவனம் போகாத பக்கத்தில் இவ்வளவு உயிர் நிற்கிறது.

விருந்து முடிந்து வந்ததும் நான் ஒவ்வோர் இடமாகக் கேட்க ஆரம்பித்தேன். கடைசியில் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக ஓர் இளம் பெண் வீட்டுக்கு வந்தார். ஆக்குபேஷனல் தெரபி படித்தவர். கையில் கருவி, மெஷின் என்று எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு வெள்ளைத் தாள். அதில் சின்னச் சின்னக் கோடுகள் தாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. “எல்லாக் கோட்டையும் ஒரு குறுக்குக் கோடு போட்டு அடிச்சிருங்க அப்பா” என்றார். அப்பா பேனாவை வாங்கி, மின்வாரியத்தில் மஸ்டர் ரோல் எழுதிய கைப்பழக்கத்தோடு ஒவ்வொன்றாக அடித்தார். “முடிஞ்சது தாயி” என்று பேனாவை வைத்தார். தாளின் வலது பக்கம் முழுக்க அடித்திருந்தது. இடது ஓரத்தில் ஒரு பட்டை அப்படியே தொடாமல் இருந்தது. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். அப்பா பார்த்தார். “இது இப்பத்தான் போட்டியாம்மா?” என்று கேட்டார்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு தாள், ஒரு பேனா. அம்மாவின் அழுகையும் என் கெஞ்சலும் தம்பியின் கோபமும் செய்யாததை அந்தத் தாள் செய்தது. அப்பா அன்றைக்குச் சாவி கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலில் படுத்திருந்த அத்தனை நாளில், இத்தனை ரிவ்யூவில், இந்தத் தாளை ஒருவர்கூட அவர் முன்னால் வைக்காதது ஏன்? எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், கழுத்து ரத்தக்குழாய்க்கு ஸ்கேன் எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் கட்டினோம். அதற்கெல்லாம் நான் குறை சொல்லவில்லை. உயிரைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் காப்பாற்றிய உயிர் வீட்டுக்குப் போய் என்ன செய்யும் என்று ஒரு காகிதம் கேட்டிருக்கலாம்.

சட்டம் ஏதாவது சொல்கிறதா என்று பார்த்தால் மனசு இன்னும் வெறுத்துப்போகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. லைசென்ஸ் எடுக்கிறவர் படிவம் 1-இல் தன் உடல்நிலையைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வலிப்பு வருமா, மயக்கம் வருமா, 25 மீட்டர் தூரத்தில் உள்ள நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பு, பச்சை தெரிகிறதா, கைகாலில் குறை உண்டா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா, வேறு ஆபத்தான நோய் உண்டா. 40 வயதைத் தாண்டினால் படிவம் 1ஏ-வில் ஒரு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவமும் டாக்டரைப் பார்க்கச் சொல்வது தூரப் பார்வை, காது, கை, கால், மூட்டு. எங்கள் அப்பா இந்த எல்லாவற்றிலும் தேறிவிடுவார். 25 மீட்டருக்கு அப்பால் நிற்கிற வண்டியின் நம்பரை என்னைவிட வேகமாகப் படிப்பார். நேரெதிரே நிற்கிறதே, ஏன் படிக்க மாட்டார்? கவனம், இடப்பக்கம், முடிவெடுக்கிற வேகம் என்று எதையும் அந்தப் படிவம் தனியாகக் கேட்பதில்லை.

அதையும் எப்போது கேட்கிறார்கள்? புதுப்பிக்கும்போது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 30-லிருந்து 50 வயதுக்குள் எடுத்தால் பத்து வருஷம் செல்லும். 55-ஐத் தாண்டினால் ஐந்து வருஷம். 49 வயதில் புதுப்பித்த ஒருவருக்கு 50-இல் பக்கவாதம் வந்தால், 59 வயதுவரை அவரை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. லைசென்ஸ் சட்டைப்பையில் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும்.

பிரிவு 16 என்று ஒன்று இருக்கிறது. நோயாலோ ஊனத்தாலோ ஒருவர் ஓட்டத் தகுதியில்லாதவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், லைசென்ஸ் வழங்கும் அலுவலகம் அவரிடம் மருத்துவச் சான்று கேட்கலாம், லைசென்ஸை ரத்தும் செய்யலாம். நல்ல பிரிவு. ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அந்தக் காரணம் எப்படித் தெரியவரும்? நோயாளியைப் பற்றித் தெரிவிக்கச் சொல்லி டாக்டரை இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மிஞ்சியது வீட்டுக்காரர்கள். பெற்ற மகள் போய், “எங்கப்பா லைசென்ஸை ரத்து பண்ணுங்க” என்று மனு எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த மகள் எழுதுவாள்? எழுதிவிட்டு எந்த முகத்தோடு அந்த வீட்டில் சாப்பிடுவாள்? பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று கேட்கவும், ரத்து செய்யுங்கள் என்று கேட்கவும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவதைக் கேட்க நமக்கு வழி இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் கேட்கும்.

பிரிவு 186 இன்னொரு பக்கம். பொதுமக்களுக்கு ஆபத்து உண்டாக்கும்படியான நோயோ ஊனமோ தனக்கு இருப்பது தெரிந்தே ஓட்டினால் அபராதம். முதல் தடவை ஆயிரம் ரூபாய் வரை. தெரிந்தே ஓட்டினால்! படிவம் 1 நிற்பது அவரவர் தன்னைப் பற்றிச் சொல்லும் வாக்குமூலத்தின் மேல். பிரிவு 186 நிற்பது அவரவருக்குத் தெரிந்திருப்பதன் மேல். தனக்கு என்ன குறை என்று தெரிகிற அந்த ஒன்றையே எடுத்துக்கொண்டு போகிற நோய் இது. தாளில் பாதியை விட்டுவிட்டு “முடிஞ்சது தாயி” என்று சொன்னவர் எந்த வாக்குமூலத்தில் எதை எழுதுவார்? எதையும் மறைக்காமல், மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல், “குறை ஏதும் இல்லை” என்றுதான் எழுதுவார்.

மற்ற நாடுகளில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் பக்கவாதம் வந்தால் காரோ பைக்கோ ஒரு மாதம் தொடக் கூடாது. சில மணி நேரத்தில் சரியாகிவிடுகிற மினி ஸ்ட்ரோக்குக்கும் அதே ஒரு மாதம்தான். லாரி, பஸ் ஓட்டுகிறவருக்கு ஓராண்டு. ஒரு மாதம் கழித்தும் பார்வையிலோ யோசனையிலோ கைகாலிலோ குறை மிச்சம் இருந்தால் லைசென்ஸ் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். பக்கவாட்டுப் பார்வை எவ்வளவு டிகிரி இருக்க வேண்டும் என்றுகூட அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்: குறுக்குவாட்டில் குறைந்தது 120. ஆஸ்திரேலியாவில் சொந்த வண்டிக்கு நான்கு வாரம், வாடகை வண்டிக்கும் கனரக வண்டிக்கும் மூன்று மாதம். சிங்கப்பூரில் டான் டோக் செங் மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. முதலில் உட்கார வைத்துப் பார்வை, ஞாபகம், கவனம், கைகால் வேகம் எல்லாம் பார்ப்பார்கள். அதற்கப்புறம் ரோட்டில் ஓட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். ஒன்று, இரண்டு என்ற எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கச் சொல்வது, கடிகாரம் வரையச் சொல்வது, புள்ளிகளை அடிக்கச் சொல்வது என்று இந்தத் துறையில் வழக்கமாகச் செய்கிற சோதனைகளில் பாதி காகிதமும் பேனாவும்தான்.

அங்கே பணம் இருக்கிறது, இங்கே இல்லை என்று சொல்லாதீர்கள். ரோட்டில் சோதிக்க என்ன வேண்டும்? பக்கத்து சீட்டிலும் பிரேக், கிளட்ச் உள்ள ஒரு கார். அது நம் ஊரில் தெருவுக்கு ஒரு டிரைவிங் ஸ்கூலில் நிற்கிறது. சொல்லிக்கொடுக்கிறவர் முன்னால், தெரபிஸ்ட் பின்னால். அவ்வளவுதான் ஏற்பாடு. ஆட்கள்? ஆக்குபேஷனல் தெரபி படித்துவிட்டு இங்கே வேலை கிடைக்காமல் வெளிநாடு போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சென்னை கே.கே. நகரில் அரசுப் புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது; முட்டுக்காட்டில் மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே பிரஷர் மாத்திரையைக் கொண்டுவருகிறது, பிசியோவையும் அனுப்புகிறது. உண்மையிலேயே பெரிய காரியம் அது. வீட்டுக்குள் வந்து கையைத் தூக்கி இறக்கிப் பயிற்சி கொடுக்கிறவருக்கு, வாசலில் நிற்கிற வண்டி யாருடையது, யார் ஓட்டுகிறார் என்று கேட்கச் சொல்லித் தருவதற்கு என்ன செலவு?

இருசக்கர வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிற நாட்டு விதிமுறைகளைப் படித்தால் பெரும்பாலும் காரை மனசில் வைத்து எழுதியதாக இருக்கிறது. நம் ஊரில் பக்கவாதம் வந்தவர் திரும்ப ஏறுவது பெரும்பாலும் டி.வி.எஸ். எக்ஸெல் மேல், ஸ்கூட்டர் மேல், பின்னால் மனைவி, முன்னால் ஒரு மூட்டை அரிசி. காரில் இருக்கிற நான்கு சக்கரம் விழாது. வண்டி மெதுவாகப் போகப் போக இரண்டு சக்கரம்தான் விழும். “மெதுவா ஓட்டுங்க” என்கிற அறிவுரை ஸ்கூட்டரில் ஆபத்தாகக்கூட முடியும். சிக்னலில் நிற்கும்போது இடது காலை ஊன்ற வேண்டும். இழுக்கிற கால் அதுதான். லைசென்ஸ் எடுக்க எட்டுப் போடச் சொல்கிறோமே, அந்த எட்டை இவர்களை ஒரு காலி மைதானத்தில் போடச் சொன்னாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிப் பாதி, மைதானத்தில் இல்லாத சைக்கிளையும் ஆட்டையும் பொறுத்தது. அதற்குத்தான் மற்ற சோதனைகள்.

எங்கள் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோக்காரர் இருக்கிறார். வலப்பக்கம் விழுந்து எழுந்தவர். வாரத் தவணை கட்ட வேண்டும், மகள் கல்லூரியில் படிக்கிறாள். இடது கையால் வலது கையைத் தூக்கி எடுத்து ஹேண்டில்பாரில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்புவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆட்டோவில் நான் ஏறவில்லை. ஏறாமல் இருந்ததில் எனக்கு நிம்மதியும் இல்லை. என் நாற்பது ரூபாயும் அவருக்குப் போகவில்லை. ஓராண்டு ஓட்டாதே என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்றால், அந்த ஓராண்டு அவர் வீட்டில் அடுப்பு எரிய வழி சொல்லியாக வேண்டும். பிழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் விதியை மட்டும் கொண்டுவந்தால், அவர் நோயை மறைப்பார். ஆஸ்பத்திரிக்கே வராமல்கூட இருந்துவிடுவார். அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஓட்டுநர்களுக்கும் உண்டு. பக்கவாதம் வந்த ஓட்டுநர் சோதனையில் தேறும்வரை கைகொடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் எது?

என்னிடம் சிலர் கேட்கிறார்கள்: “எதுக்கும்மா இவ்வளவு? பக்கவாதம் வந்தவங்க யாரும் ஓட்டக் கூடாதுன்னு சொல்லிட்டா முடிஞ்சது.” இல்லை, அது முடிவே இல்லை. அதுவும் அநியாயம். எங்கள் பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு வந்தது லேசானது. இரண்டு நாளில் கை சரியாகிவிட்டது. பார்வை, கவனம், நடை எதிலும் குறை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் மகன்கள் வண்டியை விற்றுவிட்டார்கள். டவுனுக்குப் போய் நூலும் பட்டனும் வாங்க யாராவது வருவார்களா என்று காத்திருக்கிறார். அவரையும் யாரும் சோதிக்கவில்லை. சோதித்திருந்தால் அவர் ஓட்டலாம் என்றே வந்திருக்கலாம். வலது கால் வராதவர்களுக்கு இடது காலால் அழுத்தும்படி ஆக்ஸிலேட்டரை மாற்றி வைக்க முடியும். ஒரு கை மட்டும் உள்ளவர்களுக்கு ஸ்டீயரிங்கில் குமிழ் பொருத்த முடியும். கியர் இல்லாத வண்டி இருக்கிறது. யாருக்கு எது பொருந்தும் என்று சொல்ல ஆள் வேண்டும். சோதனை என்பது தடுப்பதற்கு மட்டுமல்ல, அனுமதிப்பதற்கும்தான். சோதனை இல்லாத ஊரில் தகுதியில்லாதவர் ரோட்டில் இருக்கிறார், தகுதியுள்ளவர் திண்ணையில் இருக்கிறார்.

ஆண்களுக்கு வண்டி என்பது என்ன என்று வீட்டில் உள்ள பெண்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, சட்டைப் பட்டனைப் போட்டுவிட வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார். பேத்தியை நான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டபோதுதான் உடைந்தார். “நான் எதுக்கு இருக்கேன்?” என்றார். இந்த மனுஷரிடம் “ஓட்டாதீங்க” என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நான் சொன்னால் அது மகளின் பயம். படித்த ஒருவர் சோதித்து, கணக்கு வைத்து, எழுதிக் கொடுத்தால் அது ஒரு முடிவு. அதோடு அவர் சண்டை போட மாட்டார். அதைத் தாண்டி வரப் பயிற்சி எடுப்பார்.

தாண்டி வர முடியும் என்பதை அந்தத் தெரபிஸ்ட் பெண்ணும் சொன்னார். இடப்பக்கக் கவனக்குறைவு பலருக்கு முதல் சில மாதங்களில் நன்றாகவே குறைந்துவிடுகிறது. இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டு, அந்தக் கோடு கண்ணில் படும்வரை தேடிவிட்டுப் படிக்க ஆரம்பிக்கும்படி பேப்பரில் பழக்குகிறார்கள். அப்பா இப்போது காலையில் தினத்தந்தியை அப்படித்தான் படிக்கிறார். முன்பெல்லாம் வரியின் பாதியிலிருந்து ஆரம்பித்து, “என்னடா எழுதியிருக்கான், ஒண்ணும் புரியல” என்று பேப்பரை வீசுவார். இப்போது விரலை இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தொடங்குகிறார். ஆகவே இன்றைக்கு முடியாது என்பது இன்றைக்கு மட்டும்தான். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி. அந்த மறுபடியைத்தான் யாரும் எழுதித் தருவதில்லை.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளுக்குக் கீழே ஒரு வரி: வாகனம் ஓட்டுவது பற்றி. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு நாள், இதைப் பார்க்கத் தெரிந்த ஓர் ஆள். படிவம் 1ஏ-வில் பக்கவாதம் வந்ததுண்டா என்று ஒரு கேள்வி, வந்திருந்தால் சோதனைத் தாள் இணைப்பு. குடும்பத்தினர், ரத்து செய்யச் சொல்லாமல், சோதித்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்க ஒரு விண்ணப்பம்.

அடுத்த ரிவ்யூவுக்கு அப்பாவுடன் நான்தான் போகிறேன். விரலைப் பிடிக்கச் சொல்லி, நடக்கச் சொல்லிப் பார்த்து முடித்ததும், அந்த வெள்ளைத் தாளை டாக்டர் மேஜையில் வைக்கப்போகிறேன். ஓட்டலாம், கூடாது, இந்தத் தேதியில் மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்ற மூன்றில் எது என்றாலும் சரி, சீட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பேன். வாயால் சொன்னதை வாங்கிக்கொண்டு இந்தத் தடவை எழுந்து வரப்போவதில்லை.